தீபாவளிக்கு வரும் ஐந்தாவது படம்

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றைய பேப்பரில் ‘இந்தத் தீபாவளி யாருக்கு?’ என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறார்கள். ஐந்து படங்கள் வருகின்றன. முதலாவது பெரிய நடிகருடையது. அதற்கே அரைப் பக்கம் போய்விட்டது. இரண்டாவது பேய்ப் படம். மூன்றாவது காதல் படம், ஆனால் போட்டோவைப் பார்த்தால் அதுவும் பேய்ப் படம் மாதிரிதான் இருக்கிறது. நான்காவதில் ஒரு நாய் துப்பறிகிறதாம். ஐந்தாவதாக, பக்கத்தின் அடியில், பட்டாசு விளம்பரத்துக்கு மேலே, தபால்தலை அளவில் ‘சூரங்குடி விலக்கு’. அது என் படம்.

என் படம் என்றால் நான் எடுத்தது இல்லை. கதாநாயகருக்கு அம்மாவாக நடித்திருக்கிறேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது. என் மகனுக்கு நாற்பத்தைந்து. அவர் என் காலில் விழும் காட்சியில், “மெதுவா எந்திரிங்கண்ணே, முட்டு வலிக்கப் போவுது” என்று சொல்லிவிட்டேன். மறுபடி எடுத்தார்கள்.

பேப்பரில் வந்த போட்டோவில் அவர் அரிவாளோடு நிற்கிறார். ஓரத்தில் தெரிகிற முழங்கை என்னுடையது. பேப்பரை மடித்து அரிசி டிரம் மேல் வைத்தேன். பிறகு, என் வீட்டுக்காரர் அதில் வடையை வைத்துத் தின்றுவிடுவார் என்று எடுத்து பீரோவுக்குள் வைத்தேன். முழங்கைக்கு இவ்வளவு மரியாதை போதும்.

நிஜத்தில் எங்களுக்கு ஒரே பையன், அருள்பாண்டி. இருபத்தோரு வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அவனைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மின்வாரிய ஆபீஸில் புகார் போனை எடுக்கிற வேலை எனக்கு. கோவில்பட்டியில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரியும். “யக்கா, கரண்டு எப்ப வரும்?” என்பார்கள். “வந்துரும்” என்பேன். இப்போது “படம் எப்ப வரும்?” என்றும் கேட்கிறார்கள். அதற்கும் அதே பதில்தான். இரண்டுமே என் கையில் இல்லை.

இந்தப் போனால்தான் நடிகையும் ஆனேன். போன மாசியில் ஷூட்டிங்குக்குக் கரண்டு கேட்டு ரிஷி என்கிற உதவி இயக்குநர் ஆபீஸுக்கு வந்தார். சின்ன வயசு, சென்னைப் பிள்ளை. அந்த நேரம் பார்த்து நான் ஒருவரைப் போனில் காய்ச்சிக்கொண்டிருந்தேன். “ஈரக் கையோட பீஸைப் புடுங்குனீரே, உம்ம பொண்டாட்டி பிள்ளைய நெனச்சீரா?” என்று. ரிஷி அப்படியே நின்றுவிட்டார். “அக்கா, நீங்க திட்டுனதும் எனக்கு எங்கம்மாகிட்ட பேசணும்போல இருக்கு” என்றார். மறுநாள் இயக்குநரையே கூட்டிவந்துவிட்டார்.

ஏன் ஒத்துக்கொண்டாய் என்று பக்கத்து சீட் ஜெஸிந்தா கேட்டாள். ஷூட்டிங்கில் தினமும் பிரியாணியாம் என்றேன். அதுதான் காரணம்.

செப்டம்பர் 13, சனி

அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன். நடிகை வீட்டில் இன்று உப்புமா.

செப்டம்பர் 19, வெள்ளி

என் குரலை இனிமேல்தான் பதிவு செய்யவேண்டுமாம். ஷூட்டிங்கில் பேசியது சும்மா அடையாளத்துக்கு. சென்னைக்குப் போய், படத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி பேசவேண்டும். டப்பிங். “கூப்பிடுவோம் அக்கா” என்று ரிஷி ஆடி மாசமே சொன்னார். அன்றிலிருந்து ஐஸ், மோர், தயிர் எதையும் தொடுவதில்லை. ராத்திரி படுக்கப்போகுமுன் மிளகுத் தண்ணீர். இந்த வெயிலில் மிளகுத் தண்ணீர் குடிக்கிற ஒரே ஜென்மம் நான்தான்.

இன்று நானே போன் செய்தேன். “பாத்துக்கலாம் அக்கா, சொல்றேன்” என்றார். ரொம்ப வேலையாக இருப்பார் போல, உடனே வைத்துவிட்டார். பாவம்.

என் வீட்டுக்காரர் பூல்பாண்டி மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். படத்தைப் பற்றி இதுவரை நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. நடிக்கப் போகட்டுமா என்று அன்றைக்குக் கேட்டபோது, “மத்தியானச் சோத்தை எடுத்து வச்சிட்டுப் போ” என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கும் இவ்வளவுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

டிரெய்லர் வந்துவிட்டது. நான் கண் சிமிட்டுகிற நேரம் வருகிறேன். ஜெஸிந்தா கண் சிமிட்டிவிட்டாள். மறுபடி போட்டுக் காட்டினேன். வாயைத் திறக்கிறேன், பின்னணி இசைதான் கேட்கிறது.

கீழே ஜனங்கள் எழுதியிருப்பதையெல்லாம் வீட்டுக்கு வந்து வாசித்தேன். ‘இது ஹீரோவுக்கு அம்மாவா, தங்கச்சியா?’ என்று ஒருவர். அவர் குடும்பம் நல்லா இருக்கட்டும். அருள் என்ற பெயரில் ஒருவர் ‘தெறி’ என்று போட்டிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தேன். மலேசியாவில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், தலை வழுக்கை. சும்மாதான் பார்த்தேன்.

சாம்பார் தீய்ந்துவிட்டது. இவர் இரண்டாம் தடவையும் ஊற்றிச் சாப்பிட்டார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கடையைக் கழுவி, மோட்டாருக்கெல்லாம் பொட்டு வைத்தோம். பொரி, சுண்டல். ஒரு பூசணிக்காயை இவர் வாசலில் உடைத்தார்.

அந்த வாசலில்தான் நடந்தது. இரண்டு வருஷம் ஆகிறது. அருள் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். பேப்பர் பேப்பராக பெயிலாகி, அதை மறைத்திருக்கிறான். ஒரு வாடிக்கையாளர் மூலம் இவர் காதுக்கு வந்தது. நண்பர்களோடு பைக்கில் வந்து இறங்கியவனை, ரோடே பார்க்க, கை நீட்டி அடித்துவிட்டார். அவன் அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். கோபம் தணிந்தால் வருவான் என்று சோறு எடுத்து வைத்திருந்தேன். அது மறுநாள் பழைய சோறாயிற்று.

போன் நம்பரை மாற்றிவிட்டான். அவன் கூட்டாளி ஒருவன் மட்டும் எப்போதாவது வந்து “நல்லா இருக்கான் அத்தை” என்பான். எந்தக் கம்பெனி, எந்தத் தெரு என்று கேட்டால் “சத்தியம் வாங்கிட்டான் அத்தை” என்று தலையைச் சொறிவான்.

இன்று பூசணிக்காய் உடைத்த இடத்தை இவர் ரொம்ப நேரம் கூட்டிக்கொண்டே இருந்தார். சிமெண்டே பெயர்ந்துவிடும் போலிருந்தது. “போதும், வாங்க” என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

படம் பொங்கலுக்குத் தள்ளிப்போகிறதாம். ஜெஸிந்தா எதிலோ படித்துவிட்டு வந்து சொன்னாள். எனக்கென்ன, எப்போது வந்தால் என்ன என்றேன்.

மத்தியானம் மாடிக்குப் போய் ரிஷிக்குப் போன் போட்டேன். “பொங்கலுக்குன்னா தை மாசமாயிரும்ல தம்பி? தீபாவளின்னா எல்லாருக்கும் லீவு இருக்கும், வெளியூர்ல கெடக்குற பிள்ளைக எல்லாம் படத்துக்குப் போகும். பொங்கலுக்கு யாரு போவா? எல்லாம் மாட்டைப் பாக்கப் போயிரும்” என்று வியாபார நுணுக்கங்களை எடுத்துச் சொன்னேன். “அக்கா, அது வெறும் வதந்தி. பதினேழாம் தேதி கண்டிப்பா வருது” என்றார்.

டப்பிங் பற்றிக் கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டால் பிஸி.

அக்டோபர் 10, வெள்ளி

தியேட்டர் கிடைக்கவில்லையாம். பெரிய நடிகர் படம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. மிச்சத்தை நாய் கவ்விக்கொண்டது. நமக்கு ஊருக்கு ஒன்று கிடைத்தால் பெரிசு. எந்தெந்த ஊரில் எந்தத் தியேட்டர் என்று ரிஷியிடம் விசாரித்தேன். மதுரை, நெல்லை, தூத்துக்குடி எல்லாம் சொன்னார். அப்படியே பேச்சுவாக்கில் கோயம்புத்தூர்ப் பக்கமும் கேட்டேன். ஈரோடு கேட்டேன். கரூர் கேட்டேன். திருப்பூரையும் கேட்டுவைத்தேன். ஒரே ஒரு தியேட்டர், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர் முதல்முறையாகப் படத்தைப் பற்றி வாய் திறந்தார்.

“ஒம் படம் வெளியூர்லயும் வருதா, இங்க மட்டுமா?”

கிண்டல் செய்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. “ஏன், தமிழ்நாடு முழுக்க வருது. ஈரோட்டுல வருது, கரூர்ல வருது. திருப்பூர்ல பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே வருது.”

“ம்” என்றார். அப்புறம் ரசம் கேட்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்

ரிஷி போனை எடுக்கவில்லை. படம் வெள்ளிக்கிழமை. இனிமேல் கூப்பிட்டால் சென்னைக்குப் பஸ்ஸில் ஆடி அசைந்து போக நேரமில்லை, ரயிலில்தான் போகவேண்டும். மிளகு தீர்ந்துவிட்டது, வாங்கவேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

நாளை காலைக் காட்சிக்கு ஆபீஸில் எல்லோரும் போகிறோம். எங்கள் இன்ஜினியர், ஏ.இ. சார்கூட வருகிறார். சேலை தேய்த்து வைத்தேன். இவருக்கு வேட்டியும் தேய்த்து வைத்தேன்.

“நாளைக்கு மதுரைக்குப் போவணும். காப்பர் கம்பி தீந்துபோச்சு” என்கிறார்.

“நாளைக்கா? தீவாளிக்கு முன்னாடி எவன் மோட்டாருக்குக் காயில் கட்டச் சொல்லி அழுவுதான்?”

“ஆர்டர் இருக்கு.”

“பொண்டாட்டி படம் வருதுங்க. ஒலகமே பாக்கப் போவுது.”

“ஒலகம் பாக்கட்டும். நான் கம்பி வாங்கிட்டு வாரேன்.”

கம்பி கட்டிக்கொண்டு அழட்டும். தேய்த்த வேட்டியைக் கசக்கிக் கொடியில் எறிந்தேன். எடுத்து மறுபடி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். கம்பி வாங்கப் போகிறவருக்கு வெள்ளை வேட்டி எதற்கு என்று கேட்கத் தோன்றியது. பேசக்கூடாது என்று முடிவு செய்திருந்ததால் கேட்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

பார்த்தாயிற்று.

தியேட்டர் பாதி நிறைந்திருந்தது. அதில் பாதி மின்வாரியம். என் பெயர் வந்ததும் லைன்மேன்கள் விசிலடித்தார்கள். பெயரில் ‘ல்’ ஒன்று குறைந்து செண்பகவலி என்று இருந்தது. பரவாயில்லை, வலியும் நானும் பழக்கம்தான்.

நான் வந்தேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். கோடாலிமுடிச்சு, நரைக்குப் பூசின வெள்ளை மாவு, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து வேறு யாரோ பேசினார்கள்.

நல்ல குரல். பாகில் ஊறின குரல். வானொலியில் அம்மன் கதை சொல்கிறவர்களுக்கு இருக்குமே, அந்த மாதிரி. மகன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகும் காட்சி என்னுடைய பெரிய காட்சி. இயக்குநர் ஒரு பக்கத்துக்கு வசனம் கொடுத்திருந்தார். அன்றைக்கு எனக்கு அது வாயில் நிற்கவில்லை. “போறதுன்னா போலே. சோத்து நேரத்துக்கு வந்துரு” என்று என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இயக்குநர் எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டார். கதாநாயக அண்ணன்கூட மூக்கை உறிஞ்சினார். இன்று திரையில் என் வாய் அதைச் சொல்கிறது. அந்தம்மா, “மகனே, சென்று வா… இந்தத் தாய் காத்திருப்பாள்” என்கிறார். என் உதடு எப்போதோ மூடிவிட்டது. அவர் இன்னும் காத்திருந்துகொண்டிருக்கிறார்.

“ஏ செம்பகம், அன்னைக்கு ஒனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சோ?” என்றாள் ஜெஸிந்தா. நல்லவேளை, இருட்டு.

வெளியே வந்து ரிஷிக்குப் போன் போட்டேன். எடுத்தார். “அக்கா, எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. எல்லா ஊருக்கும் புரியணும்னு தயாரிப்பாளர் பிடிவாதமா இருந்தாரு. நான் சண்டை போட்டேன் அக்கா, சத்தியமா.” பையன் அழுதுவிடுவான் போலிருந்தது. “போவுது, விடுங்க தம்பி. சாப்பிட்டீங்களா?” என்று கேட்டு வைத்தேன்.

முகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெள்ளை மாவுக்கு அடியில் இருப்பது யார் என்று யாருக்குத் தெரியப்போகிறது? குரலைக் கேட்டால் தெரியும் என்று நினைத்திருந்தேன். யாருக்கு என்று இப்போது எழுதப்போவதில்லை.

மிளகுத் தண்ணீர் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தேன். இரண்டு தம்ளர் மோர் குடித்தேன்.

அக்டோபர் 18, சனி

இவர் இன்னும் வரவில்லை. கம்பி வரவில்லையாம், நாளையும் இருந்துதான் வாங்கவேண்டுமாம். போனில் இவர் பேசப் பேச, பின்னால் ஒருவன் “அவிநாசி, அவிநாசி” என்று கத்திக்கொண்டே இருந்தான். மதுரையில் அவிநாசி பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்க நினைத்தேன். அவர்மேல் கோபமாக இருந்ததால் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை. சாயந்தரம் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. இவர் பெயர். மாவுக் கையோடு எடுத்து, “என்ன, கம்பியை உருக்கித்தான் தாராகளாமா?” என்றேன்.

“யம்மா.”

எண்ணெயில் முறுக்கு பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

“யம்மா, அது ஒங் குரல் இல்லியே.”

கீழே உட்கார்ந்துவிட்டேன். “படம் பாத்தியாலே?”

“வெள்ளிக்கிழம லீவு போட்டுட்டு காலைக் காட்சிக்குப் போனேன். நீ வந்ததும் பக்கத்துல இருந்தவன்ட்ட எங்கம்மா எங்கம்மான்னு சொல்லிட்டேன். அப்புறம் வாயத் தொறந்தா யாரோ பேசுதாக. அவன் என்னயப் பொய் சொல்லுதவனப் பாக்க மாதிரிப் பாத்தான். எந்திரிச்சு வந்துட்டேன்.”

“லீவு போட்டா சம்பளத்தப் புடிப்பானேலே.” இரண்டு வருஷம் கழித்து மகனிடம் நான் பேசிய முக்கியமான விஷயம் இது.

“புடிக்கட்டும். இன்னைக்கு முழுசாப் பாத்துரலாம்னு வந்தேன். கேட்டுல அப்பா நிக்காரு.”

“எந்த கேட்டுல?”

“தியேட்டர் கேட்டுலதான். வெள்ளிக்கிழம சாயங்காலத்துலருந்து ஒவ்வொரு ஷோவுக்கும் வந்து நிக்காராம். உள்ளயும் போவல, வீட்டுக்கும் போவல. வாரவன் போறவன் மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டே நின்னாராம். பிளாக்ல டிக்கெட் விக்க வந்த ஆளுன்னு வாட்ச்மேன் ரெண்டு தடவ வெரட்டியிருக்காரு. இந்தப் படத்துக்கு யாருய்யா பிளாக்ல விப்பான்னு டீக்கடைக்காரர்தான் சொல்லிக் காப்பாத்தியிருக்காரு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. இரண்டும் சேர்ந்து மூக்கு வழியாக வந்தது.

“ஒன்னயப் பாத்து என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. போன எடுத்து நீட்டுனாரு. ‘அம்மாட்ட பேசு’ன்னாரு. அந்தப் பக்கம் திரும்பி நிக்காரு இப்பவும்.” குரலைத் தாழ்த்தினான். “வேட்டியெல்லாம் அழுக்கா இருக்கும்மா.”

“வீட்டுக்கு வாங்கலே. ரெண்டு பேரும் வாங்க.”

“ம். பஸ்ஸுல கூட்டமா இருக்கும். பாக்கோம்.”

முறுக்கு கரியாகிவிட்டது. கரியையும் ஒரு துண்டு தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

விடியும்போது வந்து இறங்கினார்கள். நின்றுகொண்டே வந்தார்களாம். அருள் மெலிந்திருக்கிறான், மீசை வைத்திருக்கிறான், நன்றாகவே இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எல்லாம் என் வழியாக. “யம்மா, அப்பாவ மொதல்ல குளிக்கச் சொல்லு.” “அவன எண்ணெ வச்சுக்கச் சொல்லு.” எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு! புகார் போன் வேலை வீட்டுக்கே வந்துவிட்டது.

அக்டோபர் 22, புதன்

‘சூரங்குடி விலக்கு’க்கு இன்றோடு மங்களம். நாளையிலிருந்து அந்த இடத்திலும் நாய்தான். அருள் நாளை ராத்திரி திருப்பூர் போகவேண்டும். மேற்பார்வையாளர் ஆக்கியிருக்கிறார்களாம், வேலையை விடமாட்டேன், பொங்கலுக்கு வருகிறேன் என்று என்னிடம் சொன்னான். இவர் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னான். இவரும், “நல்ல வேலையா இருந்தா இருக்கட்டும்” என்று சுவரிடம் சொன்னார்.

மூன்று பேரும் மத்தியானக் காட்சிக்குப் போனோம். மொத்தத் தியேட்டரில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். நான் நடுவில், ஆளுக்கொரு பக்கம் இவர்கள். நான் திரையில் வந்ததும் அருள் என் காதில், “நெசமா நீ என்னம்மா சொன்ன அன்னைக்கு?” என்றான். சொன்னேன். “கேக்கல. சத்தமா சொல்லு” என்றான்.

அதற்குப் பிறகு திரையில் அந்தம்மா ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, அவன் சிரிக்க, முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். “யக்கா, படம் பாக்க விடுங்க.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் எட்டிக் குனிந்து, “அண்ணாச்சி, அது அவ படம்தான். அவ பேசிக்கிடட்டும்” என்றார்.

முன்வரிசைக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “அங்க குரல் வேறயால்லா இருக்கு?” என்றார்.

“அதத்தான் நானும் சொல்லுதேன்” என்றான் அருள்.

வீட்டைவிட்டுப் போகும் காட்சி வந்தபோது தியேட்டரே அமைதியாக எனக்காகக் காத்திருந்தது. “போறதுன்னா போலே. சோத்து நேரத்துக்கு வந்துரு” என்றேன். குரல் கொஞ்சம் கரகரத்தது. மோரின் வேலை. யாரோ ஒருவர் கை தட்டினார். அருள் சிரிக்கவில்லை. குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான், ரொம்ப நேரம்.

அதற்கடுத்து நான் சாகவேண்டும். வில்லன் ஆட்கள் வீட்டுக்குத் தீ வைப்பார்கள். பொன்னான காட்சி, ஏ.இ. சாரே வெள்ளிக்கிழமை கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை கிளம்பியபோது பக்கத்தில் பார்த்தேன். அருள் சீட் காலி. இந்தப் பக்கம் திரும்பினேன். இவர் சீட்டும் காலி. தனியாக உட்கார்ந்து என்னை எரித்து, பாடை கட்டி, கதாநாயக அண்ணன் மொட்டை போட்டு முடிகிற வரைக்கும் பார்த்தேன். எல்லாம் முடிந்த பிறகு இரண்டு பேரும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“எங்க போனீங்க?”

“டீ குடிக்க” என்றார் இவர்.

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேருந்தான்” என்றான் அருள். எனக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தான். பாதி வழியிலேயே சிந்தியிருந்தது.

ஊரே அழுத என் சாவுக்கு என் வீட்டு ஆம்பளைகள் இரண்டு பேரும் வரவில்லை. இரண்டு வருஷத்தில் அப்பனும் மகனும் பேசிவைத்துக்கொண்டு செய்த முதல் காரியம் அது.